குழாய் அக்காவும் எட்டுக் கிலோ லென்ஸும்

எங்கள் தொழிலில் படம் மங்கலாக விழுந்தால் பழி விழுவது ஒரே ஒரு ஆள்மீதுதான். லென்ஸின் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் படத்தைத் தெளிவாக வைத்திருக்கும் அந்த ஆளுக்கு ஃபோகஸ் புல்லர் என்று பெயர். நடிகர் குறித்த இடத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றாலும் அவன் குற்றம். கேமராமேன் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் அவன் குற்றம். பதினெட்டு வருஷமாக அந்த 'அவன்' நான்தான். போதாக்குறைக்கு என் மூக்கில் உட்கார்ந்திருப்பது சோடாபுட்டிக் கண்ணாடி. "வேற ஆளே கிடைக்கலையா?" என்று இயக்குநர்கள் என் முகத்துக்கு நேராகவே தயாரிப்பாளரிடம் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட என்னை இந்தத் தொழிலில் நிலைக்க வைத்தவர் ஒரு பிளம்பர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்பானரும் டெஃப்லான் டேப்புமாக வீடு வீடாகப் போய்க் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் குழாய் அக்கா.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு வாஷ்பேசினால்தான். கேமரா, லென்ஸ் எல்லாம் வாடகைக்கு விடும் கடை ஒன்று, மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. அன்று நான் அங்கே ஒரு புது லென்ஸைச் சோதித்துப் பார்க்கப் போயிருந்தேன். என் கை நீளம், எட்டுக் கிலோ கனம். தூரத்தில் இருப்பதை இழுத்துப் பக்கத்தில் காட்டும் ஜூம் லென்ஸ். மேஜைமேல் கேமராவை இறுக்கி, அதன் வாயிலுள்ள மவுண்ட் என்கிற வளையத்தில் லென்ஸை மாட்டி, எதிர்ச் சுவரில் கறுப்புக் கோடுகள் போட்ட அட்டையைப் படம் பிடித்துப் பார்த்தால், படத்தின் மேல் பாதி கத்திபோல இருக்கிறது, கீழ்ப் பாதி தூக்கக் கலக்கத்தில் எழுதிய கையெழுத்துபோல இருக்கிறது. நான்கு நாளாக இதே கதை. கடையின் வழுக்கைத் தலை மெக்கானிக் கேமராவைச் சந்தேகப்பட்டார். கேமரா விற்றவர்கள் லென்ஸைச் சந்தேகப்பட்டார்கள். கடை முதலாளி என்னைச் சந்தேகப்பட்டார்.

கனமான லென்ஸுக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. கேமராவின் அடியிலிருந்து இரண்டு ராடுகளை முன்பக்கம் நீட்டி, அவற்றின்மேல் ஒரு தாங்கியை ஏற்றி, தாங்கியின் திருகைத் திருகி லென்ஸின் வயிற்றைத் தொடவைப்பது ஊரறிந்த முறை. ஆனால் இந்த லென்ஸோடு வரவேண்டிய தாங்கி வேறொரு பெட்டியில், வேறொரு கப்பலில் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. பழைய தாங்கி எதுவும் பொருந்தவில்லை. "மவுண்டே தாங்கிக்கும்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நாங்களும் அதை நம்பிவிட்டோம். சோம்பேறிகளுக்கு நம்பிக்கை சீக்கிரம் வந்துவிடும்.

நடைபாதைக் கடைசியில் இருந்த கழிப்பறையில் வாஷ்பேசின் ஒழுகுகிறது என்று வந்திருந்த அந்த அம்மாள் வேலையை முடித்துவிட்டு, ஈரக் கையோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தார்.

"இதென்ன, இவ்வளவு பெரிய குழாய ஒரு முனையில மட்டும் புடிச்சு அந்தரத்துல விட்டிருக்கீங்க?"

"இது குழாய் இல்லம்மா, லென்ஸு" என்றார் மெக்கானிக், தலையைத் திருப்பாமலே.

"உள்ள பொள்ளலா இல்லையா?"

"உள்ள கண்ணாடி இருக்கு."

"சரி, கண்ணாடி வச்ச குழாய். கீழ ஒரு கிளாம்ப் போட மாட்டீங்களா?"

"மவுண்ட் தாங்கும்மா. முழுக்க ஸ்டீலு. வெளிநாட்டுச் சாமான்."

"தாங்கும் தாங்கும். நானுந்தான் எங்க வீட்டுக்காரர இருபத்திரண்டு வருஷமா தாங்கிட்டு இருக்கேன். அதுக்காக எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமா? எங்கயாவது ஒழுகத்தான் செய்யும்."

சொன்னதோடு நிற்கவில்லை. யாரும் தடுப்பதற்குள் மேஜைமேல் கிடந்த இரண்டு தகர டப்பாக்களை அடுக்கி, அதன்மேல் தன் தோள் துண்டை மடித்து வைத்து, லென்ஸின் முன்பக்கத்தை மெல்லத் தூக்கி அதில் உட்கார வைத்தார். நான் திரையைப் பார்த்தேன். நான்கு மூலையும் கத்தி.

எட்டுக் கிலோ கனத்தில் மவுண்ட் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்ததுதான் கோளாறு. மெக்கானிக் வழுக்கையைத் தடவிக்கொண்டார். முதலாளி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத்தில் சொன்னால் அச்சுக்கு ஆகாது.

முதலாளி மறுநாளே அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். அதில் பெரிய தொலைநோக்கெல்லாம் இல்லை. கழிப்பறைக்கு ஒரு ஆள், லென்ஸுக்கு ஒரு ஆள் என்று தனித்தனியாக வைப்பதைவிட இது மேல் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

அவர் பிளம்பரான கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் கணவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவர். சாதுவான மனிதர். வலியில் துடித்து வருகிறவர்களிடம் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்பதைக்கூட "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இதோ ஆயிடும்" என்கிற குரலிலேயே கேட்பார். கல்யாணமான மூன்றாம் வருஷம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகியது. மூன்று பிளம்பர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். மூன்று பேரும் "தோ வந்துட்டேன்" என்றார்கள். கணவர் ஒழுகும் இடத்தில் வாளியை வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாளி நிறைந்ததும் கொட்டிவிட்டு வந்து பேப்பர் படித்தார். நான்காம் நாள் அக்கா கடைக்குப் போய் ஒரு ஸ்பானர் வாங்கி வந்தார். சாயங்காலம் ஒழுகல் நின்றது. அடுத்த வாரம் பக்கத்து வீடு. அதற்கடுத்து அந்தத் தெரு முழுக்க.

மாமியாருக்கு மட்டும் இதில் பெரிய மானப் பிரச்சினை. மருமகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "தண்ணி டிபார்ட்மெண்டுல பெரிய ஆபீசரு" என்று சொல்லிவைத்திருந்தார். ஆபீசர் ஏன் தோளில் பைப்போடு படியேறிப் போகிறார் என்று கேட்டவர்களிடம், "நேர்ல பார்த்து ஆய்வு பண்றா" என்றாராம்.

வாடகைக் கடைக்கு வந்த ஆறே மாதத்தில் அக்கா அலமாரியைத் தலைகீழாக்கிவிட்டார். அதுவரை எங்களிடம் இருந்த ராடுகள் கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி கலந்து கிடந்தன. பதினைந்து மில்லிமீட்டர் பருமனில் ஒல்லி ராடு, பத்தொன்பதில் தடி ராடு. இரண்டுக்கும் பருமன் மட்டுமல்ல, ஜோடிக்கு நடுவே விடும் இடைவெளியும் வேறு. அதனால் ஒன்றின் தாங்கி மற்றொன்றில் ஏறாது. ஏறாததை ஏற்றத்தான் ஒவ்வொரு படப்பிடிப்பிலும் கறுப்பு டேப்பைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

புதிதாக ராடு வாங்க வேண்டும் என்றதும் டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். அக்கா முதலில் முதலாளியின் மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பலகையை, அவர் உட்கார்ந்திருக்கும்போதே உருவி எடுத்து வந்தார். அதன்மேல் ஒவ்வொரு ராடாக உருட்டிவிட்டு, கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். வளைந்த ராடு நொண்டிக்கொண்டு உருளும். பன்னிரண்டில் மூன்று நொண்டின.

அடுத்து எடை. ராடின் ஒரு முனையை மேஜை விளிம்பில் இறுக்கி, மறுமுனையில் எட்டு லிட்டர் தண்ணீர் பிடித்த கேனைத் தொங்கவிட்டார். பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. ராடு எவ்வளவு தொய்கிறது என்று அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தார். ஒல்லி ராடு கும்பிடு போட்டது. தடி ராடு அசையவில்லை.

"மேடம், இதைப் பாருங்க. கார்பன் ஃபைபர்" என்று விற்பனைக்காரர் ஒரு கறுப்பு ராடை வெல்வெட்டிலிருந்து எடுத்தார். "தூக்கிப் பாருங்க, பூ மாதிரி இருக்கும். விமானத்துல போடறது."

"விமானத்துல எட்டுக் கிலோ லென்ஸு தொங்குதா?"

"இல்ல மேடம், அது..."

அக்கா அதற்குள் அதில் கிளாம்பை மாட்டி முறுக்கினார். கறுப்பு ராடு 'க்ரிச்' என்றது. ஒரு மயிரிழை விரிசல், நுனியிலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு ஓடியது.

"ஐயோ மேடம்! இவ்வளவு முறுக்கக் கூடாது!"

"என்கிட்ட சொல்லிட்டீங்க. வாடகைக்கு எடுத்துட்டுப் போறவன்கிட்ட யார் சொல்றது? இவங்கெல்லாம் என்ன பூப்பறிக்கவா போறாங்க?" என்று என்னைக் காட்டினார். நான் அப்போது சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன்.

விற்பனைக்காரர் மனம் தளராமல் கடைசியாக ஒரு தாங்கியை எடுத்தார். எல்லா லென்ஸுக்கும் பொருந்தும் என்றார். "எல்லாத்துக்கும் பொருந்தும்னு சொல்ற ஆள, எங்க கல்யாணத் தரகருக்கு அப்புறம் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அக்கா. பெட்டி மூடிக்கொண்டது.

கடைசியில் அவர் வகுத்த கணக்கு எளிமையானது. நான்கு கிலோவுக்கு மேலே போனால் தடி ராடு, ஸ்டீல். அதற்குக் கீழே ஒல்லி ராடு, அலுமினியம். ராடு தேவைக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. நீட்டி வைத்தால் யாராவது அதில் தண்ணீர் பாட்டிலை மாட்டுவார்கள். தாங்கி லென்ஸின் கனமான பாகத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும், கேமரா ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றால் பிரயோஜனமில்லை. சில ராட்சச லென்ஸ்களுக்கு அடியிலேயே சொந்தக் கால் இருக்கும். அவற்றை லென்ஸின் காலைப் பிடித்தே டிரைபாடில் உட்காரவைத்து, கேமராவைப் பின்னால் தொற்றவைக்க வேண்டும். "யாரு கனமோ அவங்கள முதல்ல உக்கார வை. லேசான ஆளு தொத்திக்கிட்டு வரட்டும்" என்பார்.

எந்த லென்ஸுக்கு எந்த ராடு, எந்தத் தாங்கி, எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதிக் கட்டித் தொங்கவிட்டார். எழுதியது அவர் கணவர். பல் மருத்துவமனையில் தேதி எழுதிக் கொடுத்துப் பழகிய முத்து முத்தான கையெழுத்து. சில அட்டைகளின் பின்பக்கம் 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவும்' என்று அச்சடித்தே இருந்தது. ராடுக்கும் அது பொருந்தியதால் யாரும் மாற்றவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரர் ஒரு தப்பும் செய்தார். அந்தத் தப்பு நேராக என் தலையில் விழுந்தது.

குளியலறைச் சாமான் விளம்பரம் ஒன்று. பளபளக்கும் குழாயின் வாயில் ஒரு துளி நீர் தொங்கவேண்டும், அதைத் தூரத்திலிருந்து அந்த எட்டுக் கிலோ லென்ஸால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கேமராமேனுக்கு எங்களுக்குள் கழுகு என்று பெயர். "என் கண்ணு கழுகுக் கண்ணு" என்று அவரே நாளுக்கு நான்கு தடவை சொல்வதால் வந்த பெயர். குழாய் விளம்பரம் என்றதும் அக்காவுக்குச் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. தாங்கியின் உயரத்தைத் தானே வைத்து, திருகைப் பூட்டி, 'யாரும் தொடக் கூடாது' என்று அட்டை கட்டி அனுப்பினார். நான் தொடவில்லை. அவர் அட்டைக்கு அவ்வளவு பயம்.

இரண்டு நாள் எடுத்ததைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். துளியின் அடி பளிச்சென்று இருந்தது, குழாயின் மேல்பக்கம் பஞ்சு மிட்டாய். கழுகு அதையெல்லாம் எடுக்கும்போது "பிரமாதம்" என்று சொன்னவர்தான். இப்போது கையை நீட்டி என்னைக் காட்டினார். மூன்றாம் நாள் காலை எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய? அங்கே அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்து, என்னைத் துரத்திய கதையையும் சொல்லிவிட்டு வேறு லென்ஸ் வாங்கிப் போனார்கள். திரும்பி வந்ததை அக்கா வழக்கம்போலக் கோடு போட்ட அட்டைக்கு எதிரே வைத்துப் பார்த்திருக்கிறார். தான் பூட்டிய திருகு பூட்டியபடியே இருக்க, படத்தின் மேல் பாதி மங்கல். திருகைக் கால் சுற்று இறக்கினார். சரியானது. மறுபடி ஏற்றினார். மங்கலானது. தாங்கி லென்ஸைத் தாங்கவில்லை, ஜாக்கி வைத்த மாதிரி மேலே நெம்பிக்கொண்டிருந்தது. மவுண்ட் இந்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. திருகைக் கால் சுற்று இறக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என் பிழைப்பில் மண் விழுந்தது விழுந்ததுதான்.

அக்கா பஸ் பிடித்துப் படப்பிடிப்புக்குப் போனார். நடுவில் புகுந்து இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"சார், அந்தக் கண்ணாடிக்காரர் மேல தப்பு இல்ல. நான்தான் முறுக்கிட்டேன்."

"நீங்க யாரும்மா?"

"பிளம்பர்."

நாற்பது பேர் சிரித்தார்கள். எதிரே குழாய் வேறு இருந்ததால், கெட்டுப்போன குழாயைச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, கையில் கிடைத்த காகிதத்தில் லென்ஸ் வரைந்து, எது எங்கே எப்படி நெம்பியது என்று விளக்கினார். இயக்குநருக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர் கழுகின் பக்கம் திரும்பி, "ரெண்டு நாளா உங்க கண்ணு எங்க போயிருந்தது?" என்று கேட்டார். அன்றிலிருந்து கழுகுக்கு அக்காவைக் கண்டால் ஆகாது.

சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கண்ணாடி, நாளைக்கு உன்ன வரச் சொன்னாங்க. என் மேல கோவமா?"

"இல்லாம?"

"இருக்கட்டும், பட்டுக்க வேண்டியதுதான். இருபது வருஷப் பழக்கம்ப்பா. ஒழுகாம இருக்கணும்னா இன்னும் ஒரு சுத்து முறுக்குன்னு கைக்கு ஏறிப் போச்சு. இதுக்குத் தொட்டா மட்டும் போதும், தூக்கக் கூடாதுன்னு மண்டைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல."

"உள்ள வாங்கக்கா" என்றாள் என் மனைவி. உபசாரம் என்று நினைத்தேன். நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போய், ஒரு மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்த குழாயைக் காட்டினாள். அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அக்கா தேநீர் குடித்தார். அப்படிக் குடித்துக்கொண்டிருக்கும்போது, கையை நம்பாமல் காகிதத்தை நம்புவது என்று முடிவு செய்தார். தாங்கிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு. இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் தாங்கி தொடவே இல்லை. கிழிந்தால் நெம்புகிறது. அதன்பிறகு அந்த எட்டுக் கிலோ லென்ஸ் வெளியே போனால் கூடவே அக்காவும் போவார் என்று முதலாளி விதி போட்டார்.

அந்த விதியால்தான் புகைபோக்கி இடிந்த அன்று அவர் அங்கே இருந்தார்.

மூடிப்போன நூற்பாலை ஒன்றின் புகைபோக்கியை வெடி வைத்துத் தகர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு படக் கம்பெனி அதைக் காட்சியாக்கிக்கொள்ள அனுமதி வாங்கியது. கதாநாயகன் திரும்பிப் பார்க்காமல் கேமராவை நோக்கி நடந்து வருவார், பின்னால் புகைபோக்கி சரியும். ஒரே ஒரு டேக். இடிந்ததைத் திரும்ப நிறுத்தி இன்னொரு டேக் எடுக்க முடியாது. கேமராமேன் கழுகு. ஃபோகஸ் நான். பாதுகாப்புக்காக எல்லோரையும் வெகுதூரம் தள்ளிக் கயிறு கட்டியிருந்தார்கள், அதனால் எட்டுக் கிலோ லென்ஸ். காலை பத்து மணிக்கு வெடி.

ஒன்பதரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அக்கா கழிப்பறைக்குப் போனார். தற்காலிகமாக வைத்த கழிப்பறை, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் குழாயை அப்படியே விட்டுவிட்டு வர அவரால் முடியாது. கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணியில் கழுகு, "ஃப்ரேமைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு, முதல்ல இந்தப் பைப்பைக் கழட்டுங்கப்பா" என்று தாங்கியையும் ராடையும் கழற்றிப் புல்லில் போடச் செய்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வீரத்தில் எனக்குப் பங்கில்லை, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா திரும்பி வந்தபோது வெடிக்கு எட்டு நிமிஷம். புல்லில் கிடந்த ராடைப் பார்த்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்துத் துடைத்தார், ஓட்டைக்குள் ஓட்டினார்.

"ஏய், யாரைக் கேட்டு கேமரால கை வைக்கிற? முப்பது வருஷமா படம் எடுக்கிறவன் நான்!" கழுகின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நீங்க திட்டிக்கிட்டே இருங்க சார், நான் மாட்டிக்கிட்டே இருக்கேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பார்ப்போம்."

அவரும் விடாமல் திட்டினார், இவரும் விடாமல் மாட்டினார். தாங்கி ஏறியது. திருகு ஏறியது. "காகிதம்" என்று கை நீட்டினார். என்னிடம் இருந்ததெல்லாம் கனமான அட்டை. அக்கா தன் பையைத் துழாவி, பல் மருத்துவமனையின் விளம்பரத் துண்டு ஒன்றை எடுத்தார். பளீரென்று சிரிக்கும் முப்பத்திரண்டு பல். அதை நடுவில் விட்டு, திருகி, இழுத்தார். பிடித்துக்கொண்டு வந்தது. கிழியவில்லை. "இப்ப எடுத்துக்கங்க" என்று எழுந்து தள்ளி நின்றார். வெடிக்கு ஒரு நிமிஷம்.

ஒலிபெருக்கியில் எண்ணினார்கள். கேமரா ஓடியது. கதாநாயகன் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மூன்று, இரண்டு, ஒன்று.

ஒன்றும் ஆகவில்லை.

கதாநாயகன் இன்னும் பத்தடி நடந்தார். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாததால் நடை தடுமாறியது. கடைசியில் திரும்பிப் பார்த்தார். புகைபோக்கி ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. "யாரும் இருக்கிற இடத்த விட்டு நகராதீங்க!" என்று ஒலிபெருக்கியில் வெடிப்பொறியாளர் கத்தினார். கழுகு அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கையை ஆட்டிக்கொண்டு பொறியாளரின் கூடாரத்துக்குச் சண்டை போடப் போய்விட்டார். இயக்குநர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதாநாயகன் அங்கேயே நின்று, வியர்க்கிறது என்று விக்கைக் கழற்றி விசிறிக்கொண்டார். 'கட்' சொல்ல வேண்டிய ஒருவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறு நிமிஷம் கழித்து, யாரும் எதிர்பாராத நேரத்தில், பூமி ஒருமுறை குலுங்கியது. புகைபோக்கியின் அடியில் புழுதி பூத்தது.

நான் எழுந்து ஓடத் திரும்பினேன். சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. இரும்புப் பிடி.

"உக்காருய்யா! அது நம்ம கிட்ட வராது. ஃபோகஸப் புடி!"

உட்கார்ந்தேன். திரையில் புகைபோக்கி இடுப்பொடிந்து சரிகிறது. அதற்கு முன்னால் கதாநாயகன் விக்கைக் கையில் பிடித்தபடி, வாய் பிளந்து, அவருடைய பதினெட்டுப் படங்களில் ஒன்றில்கூட வராத ஒரு முகத்தோடு நேராக எங்களை நோக்கி ஓடி வருகிறார். அந்த நீள லென்ஸில் ஓடிவருகிற முகத்தைப் பிடிப்பது ஓடும் பஸ்ஸில் ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. என் விரல்கள் தாமாகத் திரும்பின. டிரைபாட் அதிர்ந்தது, புழுதிக் காற்று அடித்தது, லென்ஸ் தாங்கியின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கதாநாயகனின் மூக்கு முடிவரை எண்ணலாம் போலிருந்தது. கடைசியில் அவர் கேமராவைத் தாண்டி ஓடி, தேநீர்ப் பாத்திரத்தில் போய் விழுந்தார். நல்லவேளை, ஆறின தேநீர்.

அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்தார்கள். அதற்காகக் கதையையே மாற்றினார்கள். வீரனாக இருந்த கதாநாயகன் கோழையாகிவிட்டான். படம் ஓடியது. அவருக்கு முதல்முறையாக நடிப்புக்கு விருது கொடுத்தார்கள், அவரும் கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டார். கழுகு ஒரு பேட்டியில், "உள்ளுணர்வு சொல்லிச்சு, அதனாலதான் நான் கேமராவ நிறுத்தல" என்றார். அக்கா அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "அவரு அன்னைக்குத் திட்டினதுல பாதி எனக்குப் புதுசுய்யா. கத்துக்கிட்டேன்ல" என்றார்.

மாமியார் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்தார். அதோடு தண்ணீர் டிபார்ட்மெண்ட் பதவியிலிருந்து மருமகளை விடுவித்துவிட்டார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "அந்த ஓட்டத்துல கேமரா ஆடவே இல்லைல்ல? அது எங்க மருமக வச்ச முட்டு. படத்துல தெரியாது. தெரியாம இருந்தாத்தான் சரியா வச்சிருக்குன்னு அர்த்தம்" என்று விளக்கம் கொடுக்கிறார். ராடைப் பற்றி இதைவிடத் தெளிவாக எங்கள் தொழிலிலேயே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. மெத்தைக் கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறையில் கடைசல் இயந்திரம் வைத்துத் தாங்கிகளைத் தானே செய்கிறார். மூன்று வாடகைக் கடைக்காரர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். மெக்கானிக்கும் அங்கேதான் கிடக்கிறார், அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அட்டை எழுதுகிறார்.

போன மாதம் புதுவகை லென்ஸ் ஒன்று வந்தது. பழையதில் கால்வாசி எடை. கொண்டுவந்தவர் வெற்றிக் களிப்போடு, "இனிமே ராடு, தாங்கி ஒண்ணும் வேண்டாம்மா" என்றார்.

அக்கா கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. முதுகு பொழைச்சுது" என்று மனதாரச் சொன்னார்.

முதல் படப்பிடிப்புக்கு அந்த லென்ஸ் போனபோது நானும் போனேன். கனம் குறைந்த சந்தோஷத்தில், முன்னால் ஒரு ஃபில்டர் பெட்டி மாட்டினார்கள். பக்கத்தில் ஒரு மோட்டார், அந்தப் பக்கம் இன்னொரு மோட்டார். மேலே ஒரு திரை. அந்தத் திரைக்கு ஒரு பேட்டரி. இயக்குநருக்குத் தனியாக இன்னொரு திரை. மத்தியானத்துக்குள் லென்ஸ் தலை குனிந்துவிட்டது. நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை கிலோ ஆச்சு?" என்று கேட்டார்.

"பழைய லென்ஸ விட ஒரு கிலோ கூட இருக்கும்க்கா."

"தடி ராடு ரெண்டு எடுத்து வைக்கிறேன்" என்றார். "ஆட்டோவப் புடிச்சு வா."